பிரவுசர் பிளகின் வசதி தரும் பேக்கேஜுக்கு என்ன பெயர் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோழிங்கநல்லூரில் ஓர் அலுவலகத்தில் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் ஓடும் கணினிகளுக்கு பேக்கேஜ் (ஒரு மென்பொருளை நிறுவத் தேவையான ஃபைல்களின் தொகுப்பு) கட்டிக் கொடுப்பது என் வேலை. ஒரு மென்பொருளில் பிரவுசரோடு சேர்ந்து இயங்கும் பகுதி ஒன்று இருக்கும். வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அந்தப் பகுதிக்கு பேக்கேஜிலும், சோர்ஸிலிருந்து கட்டும்போது அதைச் சேர்க்கவா என்று சொல்லும் பில்ட் ஆப்ஷனிலும் என்ன பெயர் வைப்பது என்று குழுவில் புதிதாகச் சேருபவர்களும், கல்லூரி லேப்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்வழியாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பேக்கேஜ் பெயர்களையும் ஆப்ஷன்களையும் உச்சரிப்பது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகள்தான்.

பிரவுசர் பிளகின் எல்லாம் போயே போச்சே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?

பழைய வகை பிளகின் போய்விட்டது, உண்மைதான். நெட்ஸ்கேப் பிரவுசர் காலத்தில் வந்த என்பிஏபிஐ என்ற பிளகின் இணைப்பு முறையை குரோம் 2015 செப்டம்பரில் 45ஆம் பதிப்போடு முழுக்க எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்பில் ஃபிளாஷைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தியது. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷின் ஆதரவே முடிந்தது. 2021 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 85இல் அந்தக் கடைசி மிச்சமும் இல்லை.

ஆனால் தேவை போகவில்லை. பாஸ்வேர்டு மேனேஜர் பிரவுசரில் பாஸ்வேர்டை நிரப்ப வேண்டும். டெஸ்க்டாப், பிரவுசரில் ஓடும் பாட்டை நிறுத்த வேண்டும். யூஎஸ்பி டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் இணையப் படிவத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இவற்றையெல்லாம் இப்போது எக்ஸ்டென்ஷனும், அதோடு பேசும் ஒரு சின்ன உதவி நிரலும் சேர்ந்து செய்கின்றன. அந்த நிரலை நிறுவுவது பிரவுசர் ஸ்டோரின் வேலை இல்லை, நம் பேக்கேஜின் வேலை. ஆகவே பெயர்ப் பிரச்சினை அப்படியே நம் தலையில்தான் இருக்கிறது.

பிளகின், எக்ஸ்டென்ஷன், நேட்டிவ் ஹோஸ்ட். பெயரில் எதைப் போடுவது?

டிஸ்கில் என்ன ஃபைல் போய் உட்காருகிறது என்று பாருங்கள். பிரவுசரே தன் ப்ராசஸுக்குள் ஏற்றிக்கொள்ளும் லைப்ரரி என்றால் அது பிளகின். ஜாவாஸ்கிரிப்டும், தன் விவரத்தைச் சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட் ஃபைலும் மட்டும் என்றால் எக்ஸ்டென்ஷன். பிரவுசர் தனி ப்ராசஸாகக் கிளப்பி, ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாக ஜேசன் செய்தி அனுப்பிப் பேசும் நிரல் என்றால் நேட்டிவ் மெசேஜிங் ஹோஸ்ட்.

இந்த மூன்றுக்கும் பராமரிப்பும் பாதுகாப்பு ஆபத்தும் வேறு வேறு. நேட்டிவ் ஹோஸ்டுக்கு பிளகின் என்று பெயர் வைத்தால், ‘எங்கள் பிரவுசரில் பிளகினே வேலை செய்யாதே’ என்று அட்மின் கேட்பார். எக்ஸ்டென்ஷனைத் தராத பேக்கேஜுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர் வைத்தால், நிறுவிய பிறகு டூல்பாரில் பட்டனைத் தேடிக்கொண்டு இருப்பார்கள்.

பேக்கேஜ் பெயரில் பிரவுசரின் பெயரைப் போடலாமா?

முடிந்தவரை வேண்டாம். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

டெபியனில் மொசில்லா-பிளகின்-விஎல்சி என்று ஒரு பேக்கேஜ் இருந்தது. அந்த பிளகின் மொசில்லாவில் மட்டுமா ஓடியது? என்பிஏபிஐ தெரிந்த எந்த பிரவுசரிலும் ஓடியது. கடைசியில் பிரவுசர்-பிளகின்-விஎல்சி என்று மாற்றினார்கள். அடுத்து ஃபயர்ஃபாக்ஸின் கதை. பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவதில், அதை உருவாக்கும் மொசில்லாவுக்கும் டெபியனுக்கும் உடன்பாடு வராததால், 2006இல் டெபியன் அதை ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றியது. 2016 வரை அந்தப் பெயர்தான். ‘ஃபயர்ஃபாக்ஸ்’ என்று பெயரில் வைத்துக்கொண்ட ஒரு துணை பேக்கேஜ், அந்தக் காலம் முழுக்க டெபியனில் இல்லாத ஒரு பிரவுசரைச் சுட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

இன்னும் தெளிவான உதாரணம் குனோம் டெஸ்க்டாப்புடையது. குனோமின் எக்ஸ்டென்ஷன் இணையதளத்திலிருந்து டெஸ்க்டாப்புக்கான நீட்சிகளை (ஷெல் எக்ஸ்டென்ஷன்) நேரடியாக நிறுவ உதவும் நிரலுக்கு குரோம்-குனோம்-ஷெல் என்று பெயர். அது ஃபயர்ஃபாக்ஸிலும் வேலை செய்தது. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் வைத்திருப்பவர் அந்தப் பெயரைப் பார்த்தால் ‘இது நமக்கில்லை’ என்று நகர்ந்துவிடுவார். குரோமே நிறுவாத கணினியில் குரோம் என்று ஒரு பேக்கேஜ் ஏன் இருக்கிறது என்று பாதுகாப்புத் தணிக்கைக்கு வருபவரும் கேட்பார். 2022இல் அதை குனோம்-பிரவுசர்-கனெக்டர் என்று மாற்றினார்கள். கேடிஇ குழுவின் டெஸ்க்டாப் பெயர் பிளாஸ்மா. அங்கே இதே மாதிரி வேலைக்கு முதலிலேயே பிளாஸ்மா-பிரவுசர்-இன்டக்ரேஷன் என்று வைத்தார்கள், யாரும் எதையும் மாற்ற வேண்டி வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. யாருடைய பகுதி, எதோடு இணைகிறது, என்ன செய்கிறது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஃபைல்களே பிரவுசருக்குப் பிரவுசர் வேறு என்றால் பெயரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனுக்கு டெபியனில் வெப்எக்ஸ்ட்-யூபிளாக்-ஆரிஜின்-ஃபயர்ஃபாக்ஸ், வெப்எக்ஸ்ட்-யூபிளாக்-ஆரிஜின்-குரோமியம் என்று இரண்டு தனித்தனி பேக்கேஜ்கள் வைத்தார்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது என்பதால் அங்கே அது சரி.

பிரவுசர் பெயர் வேண்டாம் என்றால், இன்டர்ஃபேஸின் (பிரவுசரோடு இணையும் முறையின்) பெயரைப் போடலாமா?

போடலாம், ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. சோர்ஸிலிருந்தே மென்பொருளைக் கட்டும் ஜென்டூ லினக்ஸில் என்எஸ்பிளகின் என்று ஒரு யூஸ் ஃப்ளாக் (எந்த வசதியைச் சேர்ப்பது என்று பயனர் சொல்லும் சுவிட்ச்) இருந்தது. என்எஸ் என்பது நெட்ஸ்கேப். நெட்ஸ்கேப் பிரவுசருக்கான ஆதரவு 2008 மார்ச்சில் முடிந்துவிட்டது, ஃப்ளாக் அதற்கு அப்புறமும் ஓடியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த முறை உயிரோடு இருந்தவரை, பிரவுசர் எதுவானாலும் அந்த ஒரே ஃப்ளாக் பொருந்தியது. மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸ் என்று ஆளுக்கொரு ஃப்ளாக் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எக்ஸ்டென்ஷன்களில் வேறு மாதிரி நடந்தது. டெபியன் முன்பு ஜூல்-எக்ஸ்ட் என்ற முன்னொட்டை வைத்திருந்தது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்து பழைய வகை எக்ஸ்டென்ஷன்களைக் கைவிட்டதும், புதியவை வெப்எக்ஸ்ட் என்ற முன்னொட்டோடு வந்தன. இங்கே பெயர் மாறியது நல்லதுக்குத்தான், ஏனென்றால் உள்ளே இருந்த சரக்கும் மாறியது. முன்னொட்டைப் பார்த்தாலே எது புதிய ஃபயர்ஃபாக்ஸில் ஓடும், எது ஓடாது என்று தெரிந்தது.

நான் பிடிக்கும் கோடு இதுதான்: இன்டர்ஃபேஸ் செத்தால் பேக்கேஜும் கூடவே சாகும் என்றால் அதன் பெயரைத் தாராளமாக வையுங்கள். இன்டர்ஃபேஸ் மாறினாலும் அந்த வசதி வேறு வழியில் தொடரும் என்றால், வசதியின் பெயரை வையுங்கள்.

முன்னொட்டா, பின்னொட்டா?

நீங்கள் இருக்கும் டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) எப்படிச் செய்கிறதோ அப்படி. அதே யூபிளாக் ஆரிஜின் ஃபெடோராவில் மொசில்லா-யூபிளாக்-ஆரிஜின், ஆர்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ்-யூபிளாக்-ஆரிஜின். அங்கே போய் என் கொள்கையை நீட்டக் கூடாது. ஊர் வழக்கத்தை மீறிய பெயரை யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அலுவலகத்தின் உள் பேக்கேஜ் என்றால் முக்கிய நிரலின் பெயரை முதலில் வையுங்கள். அகரவரிசைப் பட்டியலில் தாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

பெயரில் என்னென்ன எழுத்து வரலாம்?

டெபியனில் சிறிய எழுத்து, எண், கூட்டல் குறி, ஹைஃபன், புள்ளி. முதல் எழுத்து எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும். அண்டர்ஸ்கோர் கிடையாது, ஏனென்றால் டெப் ஃபைலின் பெயரில் பேக்கேஜையும் பதிப்பையும் பிரிப்பது அதுதான்.

நேட்டிவ் ஹோஸ்டுக்கு மேனிஃபெஸ்டில் தனியாக ஒரு பெயர் உண்டு, அங்கே விதி தலைகீழ். குரோமில் சிறிய எழுத்து, எண், அண்டர்ஸ்கோர், புள்ளி மட்டும்தான் செல்லும். ஹைஃபன் கூடாது. ஃபயர்ஃபாக்ஸும் ஹைஃபனை ஏற்காது. அதனால் பேக்கேஜ் பெயரை அப்படியே காப்பி செய்து ஹோஸ்ட் பெயராக ஒட்டினால் ஹோஸ்ட் கிளம்பவே கிளம்பாது. டொமைன் பெயரைத் திருப்பிப் போட்டு, புள்ளி வைத்து எழுதும் முறையைப் பின்பற்றினால் இரண்டு பிரவுசரிலும் செல்லும்.

கன்ஃபிகர் ஆப்ஷனுக்கு எனேபிளா, வித்தா?

கன்ஃபிகர் என்பது பில்டுக்கு முன் ஓட்டும் ஸ்கிரிப்ட், அதை உருவாக்கும் கருவி ஆட்டோகான்ஃப். அதில் இரண்டுக்கும் வேறு வேறு வேலை. மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ஒரு வசதியைத் திறக்கவோ மூடவோ எனேபிள். வெளியிலிருந்து ஒரு லைப்ரரியையோ பேக்கேஜையோ துணைக்கு எடுத்துக்கொள்ள வித். பிரவுசர் பகுதியின் நிரல் நம் சோர்ஸிலேயே இருப்பதால் எனேபிள்-பிரவுசர்-இன்டக்ரேஷன் என்பதுதான் முறை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சோர்ஸ் எழுதியவர் அடுத்த பதிப்பில் எனேபிள்-பிரவுசர்-பிளகின் என்பதை எனேபிள்-பிரவுசர்-சப்போர்ட் என்று மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நம் பில்ட் ஸ்கிரிப்டில் பழைய பெயரே இருக்கிறது. கன்ஃபிகர் நிற்காது. ‘அன்ரெகக்னைஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்று ஓர் எச்சரிக்கை வரியைச் சொல்லிவிட்டு மேலே போகும். நீளமான லாகில் அந்த வரி எங்கோ கிடக்கும். பில்ட் பச்சை, பேக்கேஜ் தயார், பிரவுசர் பகுதி மட்டும் உள்ளே இல்லை. சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியிலும் இதே கதைதான். நாம் கொடுத்த மாறி பயன்படுத்தப்படவில்லை என்று கடைசியில் எச்சரித்துவிட்டு முடித்துக்கொள்ளும். மீசான் என்ற கருவி இந்த விஷயத்தில் கறார். தெரியாத ஆப்ஷன் கொடுத்தால் இன்றைய பதிப்புகள் பிழை என்று நின்றுவிடும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். பில்ட் முடிந்ததும், பிரவுசர் பகுதியின் ஃபைல் பேக்கேஜுக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்த்து, இல்லாவிட்டால் பில்டைத் தோற்கடிக்க வேண்டும். லாகைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மீசானில் இந்த மாதிரி வசதிகளுக்கு எனேபிள்டு, டிசேபிள்டு, ஆட்டோ என்று மூன்று நிலை உண்டு. பேக்கேஜ் கட்டும்போது ஆட்டோவில் விடவே கூடாது. பில்ட் மெஷினில் அன்றைக்கு என்ன லைப்ரரி கிடந்ததோ அதைப் பொறுத்து பேக்கேஜின் உள்ளடக்கம் மாறிவிடும்.

ஜென்டூவுக்கு யூஸ் ஃப்ளாக் வைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

எதிர்மறைப் பெயர் வைக்காதீர்கள். நோ-பிரவுசர் என்று ஒரு ஃப்ளாக் வைத்தால், அதை அணைக்க முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். ‘பிரவுசர் வேண்டாம் என்பது வேண்டாம்’ என்று படித்துப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த வேலை வந்துவிடும். ஏற்கெனவே பொதுப் பட்டியலில் ஒரு ஃப்ளாக் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்டர்ஸ்கோரைத் தவிருங்கள், அது யூஸ்_எக்ஸ்பாண்ட் என்ற தனி வகை ஃப்ளாக்குகளுக்கு ஒதுக்கப்பட்டது.

முதலிலேயே யோசித்து வைப்பது இங்கே கூடுதல் முக்கியம். பேக்கேஜின் பெயரை மாற்றினால் பயனரின் கணினியில் தானாக நகர்த்த ஜென்டூவில் வழி இருக்கிறது. ஃப்ளாக்கின் பெயரை மாற்றினால் பயனர்தான் தன் கன்ஃபிக் ஃபைலைத் திறந்து மாற்ற வேண்டும்.

பின்னொட்டு இல்லாத வெறும் பெயர், பிரவுசர் பகுதி இருக்கும் பேக்கேஜுக்கா, இல்லாததற்கா?

2024இல் டெபியனின் அன்ஸ்டேபிள் என்ற வளர்ச்சிக் கிளையில் இது பெரிய சண்டையாகவே ஆனது. கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு மேனேஜரில் பிரவுசர் இணைப்பு, நெட்வொர்க் வசதி முதலியவை பில்ட் ஆப்ஷனாக இருக்கின்றன. பேக்கேஜைப் பராமரித்தவர், தாக்குதலுக்கு இடம் குறையட்டும் என்று அவற்றையெல்லாம் அணைத்த பேக்கேஜுக்குப் பழைய வெறும் பெயரையே விட்டார். எல்லாம் இருக்கும் பேக்கேஜுக்கு கீபாஸ்எக்ஸ்சி-ஃபுல் என்று புதுப் பெயர். அப்டேட் போட்டவர்களுக்கு ஒரே நாளில் பிரவுசரில் பாஸ்வேர்டு நிரம்புவது நின்றுபோனது. மென்பொருளை எழுதியவர்களிடம் புகார்கள் குவிந்தன.

குறைந்த வசதியே பாதுகாப்பு என்ற அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனாலும் வெறும் பெயர் என்பது ஏற்கெனவே நிறுவியிருப்பவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். நேற்று அந்தப் பெயரில் கிடைத்தது இன்றும் கிடைக்க வேண்டும். குறைத்த வடிவத்துக்கு மினிமல் என்று பின்னொட்டு போட்டால், தேவைப்படுபவர் தேடி எடுத்துக்கொள்வார். முதல் தடவை வெளியிடும் புதிய பேக்கேஜ் என்றால் யாரிடமும் ஒப்பந்தம் இல்லை, அப்போது வெறும் பெயரைக் குறைந்த வடிவத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

முக்கிய பேக்கேஜின் டிபெண்ட்ஸ், ரெக்கமெண்ட்ஸ், சஜெஸ்ட்ஸ் பட்டியல்களில் பிரவுசர் பகுதியை எதில் போடுவது?

டெபியனில் பேக்கேஜ் நிறுவும் கருவியான ஏபிடி, ரெக்கமெண்ட்ஸில் இருப்பதை டிஃபால்ட்டாகவே நிறுவும். சஜெஸ்ட்ஸில் இருப்பதை நிறுவாது. பெரும்பாலோருக்குத் தேவைப்படும் பிரவுசர் பகுதி என்றால் ரெக்கமெண்ட்ஸ். சர்வரில் வேண்டாம் என்பவர் அதைத் தவிர்த்து நிறுவ ஆப்ஷன் இருக்கிறது. டிபெண்ட்ஸில் போட்டால் அது விருப்பத்தேர்வே இல்லை. பிரவுசர் பகுதி தன் பக்கத்திலிருந்து ‘நான் இன்ன பேக்கேஜுக்கு உபயோகப்படுவேன்’ என்று சொல்ல என்ஹான்ஸஸ் என்ற ஃபீல்டு இருக்கிறது. பிரவுசர் பேக்கேஜைத் தொடாமலே உறவைச் சொல்லிவிடலாம்.

ஏற்கெனவே தப்பான பெயர் வைத்தாயிற்று. எப்படி மாற்றுவது?

மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஆட்டோவில் ஏறி மவுண்ட் ரோடு என்றால் சரியான இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். பழைய பேக்கேஜ் பெயரும் அப்படி வழிகாட்ட வேண்டும்.

டெபியனில் புதிய பேக்கேஜில் பழையதைக் குறித்து பிரேக்ஸ், ரிப்ளேசஸ் என்ற இரண்டு ஃபீல்டுகளையும் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். பழைய பெயரில், புதியதை டிபெண்ட்ஸாகக் கொண்ட காலி பேக்கேஜ் ஒன்றை விடுங்கள். அதை, பழைய பேக்கேஜ்களுக்கான ஓல்ட்லிப்ஸ் பிரிவில் வைப்பது முக்கியம். அப்போதுதான் ‘பயனர் கையால் நிறுவியது’ என்ற குறியை ஏபிடி புதிய பேக்கேஜுக்கு மாற்றும். இல்லையென்றால் காலி பேக்கேஜை நீக்கியதும், தேவையற்றதை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை புதியதையும் தூக்கிக்கொண்டு போக வாய்ப்புண்டு. ஃபெடோரா போன்றவற்றின் ஆர்பிஎம் பேக்கேஜ்களில் ப்ரொவைட்ஸும் அப்சொலீட்ஸும் சேர்ந்து இதே வேலையைச் செய்கின்றன.

காலி பேக்கேஜை எவ்வளவு நாள் வைப்பது? குறைந்தது ஒரு ஸ்டேபிள் வெளியீடு முழுக்க. லேப்களில் கணினிகளை வருடக்கணக்கில் அப்டேட் போடாமல் வைத்திருப்பார்கள், அதையும் கணக்கில் எடுங்கள்.

ஆடிட்டர் அலுவலகங்களுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பேக்கேஜ் செய்கிறேன். அதற்கு?

தி. நகரிலும் மயிலாப்பூரிலும் ஆடிட்டர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் நண்பர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். முன்பு பல அரசு இணையதளங்களில் ஜாவா ஆப்லெட் வழியாகக் கையெழுத்து போட்டார்கள், அதற்கு ஜாவா பிளகின் வேண்டியிருந்தது. பிளகின் முறை போனதும், ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனர் இருப்பது போல, கணினியிலேயே ஓடும் உதவி நிரல்கள் வந்தன.

இதில் இரண்டு துண்டு இருக்கும், சேர்த்துப் பெயர் வைக்காதீர்கள். பிகேசிஎஸ்-11 என்ற தரப்படி டோக்கனைப் படிக்கும் லைப்ரரி ஒன்று. அது பிரவுசர் இல்லாமலும், உதாரணத்துக்கு பிடிஎஃபில் கையெழுத்து போடவும் உபயோகப்படும், அதனால் அதன் பெயரில் பிரவுசர் என்ற சொல்லே வரக் கூடாது. பிரவுசரோடு பேசும் நிரல் இன்னொன்று. அதற்கு மட்டும் பிரவுசர் என்று வரலாம்.

நேட்டிவ் ஹோஸ்ட் வழியாகப் பேசுவது என்றால் மேனிஃபெஸ்டை பிரவுசருக்கு ஒன்றாக வைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் அதை யூஎஸ்ஆர்/லிப்/மொசில்லா அடைவுக்குள் தேடும், குரோமும் குரோமியமும் ஈடிசி அடைவுக்குள் தத்தம் இடத்தில் தேடும். எந்த எக்ஸ்டென்ஷனை அனுமதிப்பது என்று சொல்லும் ஃபீல்டின் பெயரும் வேறு. ஃபயர்ஃபாக்ஸில் அலவ்டு_எக்ஸ்டென்ஷன்ஸ், குரோமில் அலவ்டு_ஆரிஜின்ஸ். எல்லா மேனிஃபெஸ்டும் சின்ன ஃபைல்கள், ஒரே பேக்கேஜில் வைத்துவிடுங்கள். பிரவுசருக்கு ஒரு பேக்கேஜ் என்று பிரிப்பது வீண் வேலை.

உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் (மற்ற கணினிப் பகுதிகளிலிருந்து பிரித்து ஓட்டும் பேக்கேஜ் வடிவம்) வருகிறது. வந்த புதிதில் அதில் நேட்டிவ் மெசேஜிங் ஓடவில்லை, பிறகுதான் போர்ட்டல் என்ற இடைவழி மூலம் சேர்த்தார்கள். எந்த வடிவ பிரவுசரில் சோதித்தீர்கள் என்பதை பேக்கேஜ் விவரத்தில் எழுதிவிடுங்கள், பெயரில் திணிக்க வேண்டாம்.

பாஸ் லினக்ஸுக்கு வேறு விதி உண்டா? பெயரைத் தமிழில் வைக்கலாமா?

சென்னை சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் செல்லும். பேக்கேஜ் பெயரில் தமிழ் எழுத்து வராது. ஆனால் பேக்கேஜ் விவரத்தைத் தமிழில் மொழிபெயர்க்க டெபியனிலேயே ஏற்பாடு இருக்கிறது, டெஸ்க்டாப் ஃபைலில் மெனு பெயரையும் தமிழில் கொடுக்கலாம். கல்லூரி லேபுக்கோ பள்ளிக்கோ செய்கிறீர்கள் என்றால் கட்டாயம் கொடுங்கள். மாணவர் பார்ப்பது மெனுவைத்தான்.

வெளியிடுவதற்கு முன் பெயர் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

இந்த பேக்கேஜைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, ஏபிடி சர்ச் கட்டளையில் தேடச் சொல்லுங்கள். என்ன சொல் அடிக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் நிரலின் பெயரையும் ‘பிரவுசர்’ என்பதையும் சேர்த்து அடிப்பார்கள், இல்லையென்றால் தான் பயன்படுத்தும் பிரவுசரின் பெயரை அடிப்பார்கள். முதல் வகைக்குப் பெயரிலும், இரண்டாம் வகைக்கு விவரத்தின் முதல் பத்தியிலும் சொல் இருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், குரோமியம் மூன்றையும் விவரத்தில் எழுதிவிட்டால் தேடல் அங்கேயும் பிடித்துக்கொள்ளும்.